ஆறு பேர் சோறு

உம்மா மவுத்தான மூன்றாம் நாள் கத்தம் ஓதி முடிந்து, பெண்கள் இன்னும் கலையாமல் பாயில் இருந்தபோது, என் தங்கையின் மகள் அந்தக் கதையைத் தொடங்கினாள்.

"எங்கட உம்மம்மா ஒரு கலியாண வூட்டுல ஆறு பேர்ட சோத்தத் தனியத் திண்டு முடிச்சவ, தெரியுமா?"

எல்லோரும் சிரித்தார்கள். மூன்று நாள் அழுது களைத்தவர்களுக்கு வரும் சிரிப்பு அது. நானும் சிரித்தேன். அந்தக் கதையை முதலில் வெளியில் சொன்னவள் நான்தான். அப்போது எனக்கு ஒன்பது வயது.

சுவரோரம் கதிரையில் இருந்த ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. நாங்கள் கிணற்று வீட்டு ராத்தா என்று அழைக்கும் மூதாட்டி அவர். போகும்போது வாசலில் நின்று என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "அண்டைக்கு நானாவது அந்தச் சஹன்ல குந்தியிருக்கோணும், புள்ள" என்றார். முப்பது வருடத்துக்கு மேல் வைத்திருந்த வார்த்தையை, கேட்க வேண்டியவரை மையவாடியில் அடக்கிய பின், என்னிடம் தந்துவிட்டுப் போனார். அதை வாங்கிக்கொள்ள நான் யார் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

அந்த மூன்று நாளும் வந்தவர்கள் எல்லோரும் உம்மாவைப் பற்றி ஒரே விதமாகத்தான் சொன்னார்கள். எல்லோரோடும் கதைக்கிற மனிசி. உண்மைதான். புத்தளத்துக்கு பஸ்ஸில் போய் இறங்குவதற்குள் பக்கத்தில் இருந்தவளின் பிள்ளைகள் எத்தனை, மூத்தவளுக்கு மாப்பிள்ளை சரியா என்பதுவரை தெரிந்துகொள்வார். வாப்பா படுக்கையில் விழுந்த நான்கு வருடமும் அவரைத் தூக்கிக் குளிப்பாட்டியவர் அவர் ஒருவர்தான். பேரப்பிள்ளைகள் எட்டுப் பேரில் யாருக்கு முருங்கைக்காய் பிடிக்காது, யாருக்கு மீன்தலை வேண்டும் என்பதை ஒருநாளும் மாற்றிச் செய்ததில்லை. இதையெல்லாம் சொல்லிவிட்டு, கடைசியில் எல்லோரும் ஆறு பேர் சோற்றுக்குத்தான் வந்து சேர்ந்தார்கள்.

தொண்ணூறாம் ஆண்டு முஸ்லிம்கள் எல்லோரோடும் மன்னாரிலிருந்து துரத்தப்பட்டு, தோணியேறி வந்து, கற்பிட்டி வீதியோரம் ஒரு தென்னந்தோட்டத்தில் கிடுகுக் கொட்டில்கள் போட்டுக்கொண்டவர்கள் நாங்கள். முதல் வாரங்களில் எங்களுக்குப் பாணும் பருப்புக்கறியும் தந்தவர்கள் அந்தப் பக்கத்து ஆட்கள்தான். அதை மறைத்து எழுதுவது நியாயமில்லை. ஆனால் விருந்தாளி போகாமலே இருந்தால் வீட்டுக்காரனின் முகம் மாறும். இரண்டாம் வருடத்தில் அவர்களின் முகம் மாறியிருந்தது.

எங்கள் அகதி முகாமின் குழாய்க்கிணற்றுத் தண்ணீர் உப்பு. அதில் தேயிலை போட்டுப் பால்மா கலந்தால் திரைந்துபோகும். குடிக்கிற தண்ணீரை வேலிக்கு அப்பால் உள்ளூராரின் கிணற்று வீட்டிலிருந்துதான் எங்கள் வரிசைக் கொட்டில்கள் எல்லாம் அள்ளின. அந்தக் கிணற்றைத் திறந்து வைத்தது உம்மாவின் வாய். ஒருநாள் வேலியோரம் நின்று அந்த வீட்டு ராத்தாவோடு மிளகாய்க் கன்றைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினார். ஒரு மாதத்தில் வேலியில் ஆள் நுழைய ஒரு கடவை வைக்கப்பட்டது.

வாப்பா மன்னாரில் பிடவைக்கடை வைத்திருந்தவர். முகாமுக்கு வந்த பின் அவரிடம் மிஞ்சியது ரோசம் மட்டும்தான். சந்திக் கடைக்காரர் ஒருதடவை "அகதியாக்களுக்குக் கடைசில தாறன்" என்று சொல்லிவிட்டார். "இனி அந்த வாசல மிதிக்கப்படாது" என்றார் வாப்பா. முகாமின் ஆண்களும் அதையே சொன்னார்கள். அதன் பிறகு ஒரு தீப்பெட்டிக்கு நாங்கள் ஒரு மைல் நடந்தோம். கிணற்று வீட்டோடும் ஒரு சொல் தடித்தால் என்ன நடக்கும் என்று உம்மாவுக்கு நன்றாகத் தெரியும்.

அந்த வீட்டு மூத்த மகளுக்குக் கலியாணம் வந்தது. உம்மா மூன்று நாள் போய் வெங்காயம் உரித்தார், தேங்காய் திருவினார். ராத்தாவே எங்கள் கொட்டிலுக்கு வந்து அழைத்தார்.

"நீங்க பின்பக்கத்தால வரப்படா. புள்ளையையும் கூட்டிக்கிட்டு முன்வாசலால வரோணும். நீங்க என்ட விருந்தாளி."

உம்மா பக்கத்துக் கொட்டிலில் சாரி ஒன்று இரவல் வாங்கினார். எனக்கு அப்போது விரலிடுக்கெல்லாம் சிரங்கு. முகாமில் பாதிப் பிள்ளைகளுக்கு இருந்தது. ஒரு கிழமையாக வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசியதில் புண் காய்ந்திருந்தது. அன்று காலை உம்மா தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். மஞ்சள் போகவில்லை.

எங்கள் கலியாணங்களில் தனித்தனிக் கோப்பை இல்லை. சஹன் என்ற பெரிய தட்டில் சோற்றைக் குவித்து, மேலே இறைச்சியும் பொரியலும் வைத்து, அதைச் சுற்றி ஆறு பேர் இருந்து, ஒவ்வொருவரும் தம் முன்பக்கத்துச் சோற்றை உண்பார்கள். யாரோடு ஒரு சஹனில் இருந்தாய் என்பது சின்ன விடயமில்லை. கை வைத்தவர், மற்றவர்கள் முடிக்கும்வரை எழும்பக் கூடாது என்பது ஒழுங்கு.

பெண்கள் பக்கத்தில் ஒரு சஹனில் நாலு பேர் இருந்தார்கள். ராத்தா எங்களைக் கொண்டுபோய் அதில் இருத்தி ஆறாக்கினார். ஒரு பெண் செம்பும், கை கழுவும் தண்ணீரை ஏந்தப் படிக்கமும் கொண்டு வந்து ஒவ்வொருவருக்கும் தண்ணீர் ஊற்றினாள். என் முறை வந்தது. நான் இரண்டு கையையும் நீட்டினேன். அவள் செம்பை ஒரு சாண் உயர்த்திப் பிடித்து ஊற்றினாள். தண்ணீர் தெறித்து என் சட்டை நனைந்தது. நால்வரும் என் கையைப் பார்த்தார்கள். மஞ்சளின் அழகைப் பார்க்கிறார்கள் என்று நினைத்து நான் விரல்களை விரித்துக் காட்டினேன்.

பிறகு நடந்ததை வரிசையாகச் சொல்ல முடியும்.

"புள்ள அழுவுற சத்தம் கேக்குது, பாத்துட்டு வாறன்" என்று ஒருவர் எழும்பினார்.

"எனக்குக் காலையிலயிருந்து வயிறு செரியில்ல" என்றார் அடுத்தவர்.

மூன்றாமவர் அந்தப் பக்கம் கையைக் காட்டி, "மாமி கூப்புடுறா" என்றார். நாலாமவர் காரணம் ஒன்றும் தேடவில்லை; பிடவையை ஒதுக்கிக்கொண்டு போய்விட்டார்.

நான் எல்லாவற்றையும் நம்பினேன். வயிறு சரியில்லாதவருக்காகக் கொஞ்சம் கவலையும் பட்டேன்.

ராத்தா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். உம்மா தன் வழமையான குரலில், பக்கத்துச் சஹன்களுக்கும் கேட்கிற மாதிரி, "வாங்க ராத்தா, எடம் நெறைய இருக்கு, இப்புடி இருங்க" என்றார். ராத்தா எங்கள் சஹனைப் பார்த்தார். நாலு பெண்களும் போய் நின்ற மூலையைப் பார்த்தார். அவர்கள் மாப்பிள்ளை பக்கத்து ஆட்கள்.

"எனக்குக் குசினில வேல கெடக்கு. நீங்க வடிவாச் சாப்புடுங்க."

உம்மா பிஸ்மி சொல்லிக் கை வைத்தார்.

பின்வாசலில் எங்கள் முகாம் பெண்கள் சஹன் கழுவிக்கொண்டிருந்தார்கள். நாலு பக்கம் கை படாத சோற்றோடு ஒரு சஹன் அங்கே போனால், யார் எழும்பினார்கள், ஏன் எழும்பினார்கள் என்பது மாலை அஸர் தொழுகைக்கு முன் முகாம் முழுக்கத் தெரிந்துவிடும். ஆண்கள் கூடுவார்கள். கடவை அடைபடும். இதை நான் இன்று சொல்கிறேன். அன்று நான் கண்டது, உம்மா எதிர்ப்பக்கத்துச் சோற்றைக் கையால் தன் பக்கம் இழுத்து இழுத்துத் தின்பதைத்தான். அவசரமில்லாமல், நிறுத்தாமல் தின்றார். இடையில் சத்தமாக என்னோடு கதைத்தார்.

"கத்தரிக்காய்ப் பொரியல் எங்கட ஊர்ப் பொரியல் மாதிரியே இல்லையா மகள்? இந்தா, இந்த எறச்சியையும் தின்னு."

ஒரு கலியாணத்தில் இத்தனை இறைச்சி எனக்கு ஒருநாளும் கிடைத்ததில்லை. இனிப்புக்கு வட்டிலப்பம் ஆறு துண்டு வந்தது. மூன்றை நான் தின்றேன். அன்றைய நாளைப் போல நல்ல நாள் இனி வராது என்று நினைத்தேன். சஹன் காலியாகியது. உம்மா அடியில் ஒட்டிய சோற்றையும் வழித்துவிட்டு எழும்பினார்.

திரும்பும் வழியில் ஒரு தாழம் பற்றைக்குப் பின்னால் போய்ச் சத்தியெடுத்தார். நான் அவரின் இரவல் சாரியின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் வாயைக் கழுவத் தண்ணீர் இல்லை. முந்தானையால் துடைக்கப் போய், இரவல் என்பது நினைவு வந்து, புறங்கையால் துடைத்தார்.

முகாமுக்கு வந்ததும் நான் ஓடிப்போய், வாப்பாவும் பக்கத்துக் கொட்டில்காரரும் இருந்த இடத்தில் சொன்னேன்.

"உம்மா ஆறு பேர்ட சோத்தத் தனியத் திண்டுட்டுச் சத்தியெடுத்தா!"

சிரிப்பு வெடித்தது. மன்னாரை விட்டு வந்த பின் வாப்பா வாய்விட்டுச் சிரித்ததை நான் அன்றுதான் முதலில் பார்த்தேன்.

"என்னடி, வூட்டுல ஒனக்குச் சோறு போடல்லியா நான்?"

உம்மா என்னைப் பார்த்தார். என் கைகளையும் பார்த்தார். பிறகு அவரும் சிரித்தார். "என்ன செய்ய? ருசியா இருந்திச்சு, திண்டுட்டன்."

மறுநாள் காலை குடத்தோடு கடவையால் நுழைந்து, "ராத்தா, பொண்ணு மாப்புள சொகமா?" என்று கேட்டபடி கிணற்றடிக்குப் போனார். தண்ணீர் வந்தது. முகாம் கலையும்வரை வந்தது.

பெயரும் நின்றுவிட்டது. தண்ணீர் வரிசையில் நிற்கும் பெண்களே, "ஆறு பேர் சோத்துக்காரி வாறா, வழி வுடுங்க" என்பார்கள். கேலியில் உம்மாவும் கூடச் சேர்ந்துகொள்வார். வாப்பா படுக்கையில் கிடந்த காலத்திலும், "ஆறு பேர் சோறு திண்டவளுக்கு என்னத் தூக்க ஏலாதா?" என்று கேட்டிருக்கிறார். உம்மா தூக்குவார்.

அந்தக் கலியாணத்துக்குச் சில மாதம் பிந்தி, முகாமின் ஓலைப் பள்ளிவாசலில் கந்தூரி விருந்து நடந்தது. என் சிரங்கு முழுதாக ஆறியிருந்தது. பெண்கள் பக்கம் பாய் விரித்துச் சஹன் வைத்தார்கள். உம்மா ஒன்றில் இருந்துகொண்டு, தனக்குப் பக்கத்தில் எனக்கு இடம் பிடித்து, பாயில் உள்ளங்கையை ஊன்றி வைத்திருந்தார்.

"வா மகள், இஞ்ச இரு."

என் வயதுப் பிள்ளைகள் பின்னால் நின்றார்கள். "போகாதடி. ஒன்ட உம்மாவோட குந்தினா ஒனக்கு ஒரு பருக்கையும் மிஞ்சாது" என்றாள் ஒருத்தி. மற்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். எனக்கு முகம் எரிந்தது. இப்படி ஒரு தீனிக்காரிக்கு மகளாகப் பிறந்துவிட்டேனே என்றிருந்தது.

"எனக்கு வயிறு செரியில்ல, உம்மா" என்று சொல்லிவிட்டு, அந்தப் பிள்ளைகளோடு போய் வேறொரு சஹனில் இருந்து, வயிறு நிறையத் தின்றேன். அவர் அந்தக் கையைப் பாயிலிருந்து எப்போது எடுத்தார் என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை.