ரேடியேட்டருக்கு ஒரு மாம்பழப் பெட்டி

கனடாவில், ஒஷாவாவிலிருந்து ரெக்ஸ்டேலுக்குச் சரக்கு ஏற்றிப் போகும் எங்கள் ட்ரக், வழியில் ஒரு பெட்ரோல் நிலையத்தில் நிற்கிறது. ஹீட்டரிலிருந்து காற்று வருகிறது, சூடு வரவில்லை. என் மூச்சுக்காற்று கண்ணாடியின் உட்புறத்தில் பனியாக உறைகிறது. ஓட்டுநர் வசந்தி அக்கா போனில் கம்பெனி மேலாளரோடு சண்டை பிடிக்கிறார்.

“தெர்மோஸ்டாட் பழுது, எஞ்சின் சூடேறுதில்லை எண்டு மூண்டு தரம் எழுதித் தந்தனான். இன்னொரு ஜாக்கெட் போடச் சொல்லுறியளோ? நீங்கள் வந்து இதிலை இருந்து பாருங்கோ!”

போனை வைத்ததும், கோடையில் வாங்கிய மாம்பழப் பெட்டியை இருக்கைக்குப் பின்னாலிருந்து எடுத்துக் கிழிக்கிறார். இறங்கிப்போய், எஞ்சினைக் குளிரவைக்கும் ரேடியேட்டருக்கு முன்னால், வெளிக்குளிர் காற்று புகாதபடி அந்த அட்டையைச் செருகிப் பாதியை மறைக்கிறார். முழுக்க மூடினால் எஞ்சின் கொதித்துவிடுமாம். மறுபடி ஓடத் தொடங்கியதும் வெப்பமானி முள் மெல்ல ஏறுகிறது. கொஞ்ச நேரத்தில் என் விரல்களை மடக்க முடிகிறது.

“இது ரெக்ஸ்டேல் மட்டுக்கும்தான். தெர்மோஸ்டாட் மாத்தினாப் பிறகுதான் இனி இதிலை ஏறுவன்.”

நான் இந்த நாட்டுக்குப் புதியவன். “இத்தனை வருஷத்தில் குளிர் பழகியிருக்குமே, அக்கா?” என்கிறேன்.

“குளிர் பழகீட்டுது, தம்பி. விறைச்சுக்கொண்டு வாயை மூடிக்கொண்டு இருக்கத்தான் இன்னும் பழகேல்லை.”