அலமாரிக்குள் பேசிய குரல்

நண்பர்கள் அவரை ‘இன்டர்வெல்’ என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் இயக்கிய முதல் படம் வெளியான அன்று இடைவேளைக்கு எழுந்துபோன பாதித் தியேட்டர் திரும்பி வரவேயில்லை. அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர். வைத்தவனோ தினமும் கூட உட்கார்ந்து காபி குடிப்பவன். கோபித்துக்கொள்ளவும் வழியில்லை.

அதற்கு முன்னால் அவர் எழுத்தாளர். நிறையச் சிறுகதைகள், இரண்டு நாவல்கள், நாலு பேர் மதிக்கிற பெயர். சிவனே என்று இருந்திருக்கலாம். ‘உங்க எழுத்தைப் படிச்சா அப்படியே கண்ணு முன்னால ஓடுது சார்’ என்று யாரோ புண்ணியவான் சொல்லித் தொலைத்தான், மனிதர் விழுந்துவிட்டார். படம் கவிழ்ந்த பிறகு, தயாரிப்பாளர்களின் வரவேற்பறைகளில் உட்கார்ந்து உட்கார்ந்தே தலை நரைத்தது. உள்ளே கூப்பிட்டால் பின்னணி இசையையும் வாயாலேயே போட்டுக் கதை சொல்ல வேண்டும். எதிரே இருப்பவர் போனை நோண்டிக்கொண்டே ‘ம், அப்புறம்?’ என்பார். கதாநாயகனின் அப்பா சாகிற இடத்தில் ஒருவர் வாயைப் பிளந்து கொட்டாவி விட்டார். இடையிடையே பிழைப்புக்காக மற்றவர்களின் படங்களுக்கு வசனம் எழுதிக் கொடுத்தார். அதில் பேர் வராது.

இத்தனை காலமும் வீட்டைத் தாங்கியது மனைவி. தண்ணீர் வரி அலுவலகத்தில் கவுண்டர் வேலை. கண்ணாடியில் இருக்கிற சின்ன ஓட்டை வழியாக நாள் முழுக்க ஊரோடு மல்லுக்கட்டிவிட்டு வருவாள். சாயங்காலம் தொண்டை கட்டியிருக்கும். அவர் எழுதியதை முதலில் படிப்பதும் அவள்தான். ‘நல்லாத்தான் இருக்கு, ரெண்டாவது பக்கத்துல தூக்கம் வருது’ என்பாள். அவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். அதுதான் அவருக்கு எரிச்சல்.

ஐம்பது வயதைத் தாண்டி, இனி அவ்வளவுதான் என்று கையைக் கழுவிய நேரத்தில் ஒரு தயாரிப்பாளர் சிக்கினார். குடும்பத்தைத் தூக்கிச் சுமந்து சலித்துப்போன ஒருத்தியின் கதை. அந்த வேடத்துக்கு வந்த நடிகைக்கு மொழி தெரியாது. வசனம் வரவேண்டிய இடத்திலெல்லாம் தன் மொழியில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணி வாயசைத்துவிட்டுப் போய்விட்டார். புருஷன் வீட்டை விட்டுப் போகிறேன் என்கிறான். இந்தம்மா கண் கலங்கிப் பதினேழு, பதினெட்டு என்கிறார். எடிட்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். எந்த இடத்தில் வெட்டுவது என்றே தெரியவில்லை, இப்போதைக்கு யாரையாவது பேச வைத்துக் கொண்டுவாருங்கள், வேலை முடிந்ததும் அதைத் தூக்கிவிட்டு டப்பிங் ஆளை வைத்துக்கொள்ளலாம் என்றார். சினிமாவில் எப்போதும் நடப்பதுதான்.

அவர் மனைவியைக் கேட்டார். எதிரொலிக்காமல் இருக்க, துணி அலமாரியைத் திறந்து, தொங்குகிற துணிகளுக்கு நடுவே தலையை விட்டுக்கொண்டு அவள் போனில் பேசிப் பதிவு செய்தாள். வேலை விட்டு வந்த கையோடு, முகம்கூடக் கழுவாமல். நடிக்காமல் சும்மா சொல் என்றார் அவர். நடிக்கத் தெம்பு எங்கே இருக்கிறது என்றாள் அவள்.

தப்பு நடந்தது இங்கேதான். இது தற்காலிகக் குரல் என்று அவர் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்றில்லை. சினிமாக்காரர்களுக்குள் அதை யாரும் சொல்லிக்கொள்வதில்லை. அவள் சினிமாக்காரி இல்லை என்பது அவருக்கு உறைக்கவில்லை. படத்தில் தன் குரல்தான் வரப்போகிறது என்று அவள் கவுண்டரில் எல்லாரிடமும் சொல்லிவிட்டாள். வெளியூரில் இருக்கும் மகளுக்கு போன் போட்டுச் சொன்னாள். உப்புப் போட்ட வெந்நீரில் தொண்டையைக் கொப்பளிக்கத் தொடங்கியபோதுதான் அவருக்கு விஷயம் புரிந்தது. இத்தனை வருடத்தில் தனக்கென்று அவள் எதையும் கேட்டதில்லை. இதையும் கேட்கவில்லை, கிடைத்துவிட்டது என்று நம்பிச் சந்தோஷமாக இருந்தாள். இன்று சொல்லலாம், நாளை சொல்லலாம் என்று மென்று முழுங்கினார்.

அவள் குரலையே வைத்துக்கொள்ளலாமே என்று தயாரிப்பாளரிடம் கேட்காமல் இல்லை. தெரிந்த குரல் இருந்தால்தான் படம் விலைபோகும் என்று அவர் சிரித்தார். இன்டர்வெல் ஒரு தடவைதான் கேட்டார். சண்டை போட உடம்பில் எதுவும் மிச்சமில்லை.

டப்பிங் கலைஞர் வந்தார். தேன் மாதிரி குரல். ஆனால் எதுவும் இன்டர்வெல்லுக்குச் சரிப்படவில்லை. மனைவி பேசியதை வரிவரியாக அந்தம்மா காதில் போட்டு, இதே மாதிரி சொல்லுங்கள் என்று பாடாய்ப் படுத்தினார். ‘சாப்பாடு எடுத்து வெக்கறேன்’ என்பதற்கு முன்னால் ஒரு சின்ன மூச்சு வரும். அந்த மூச்சும் வேண்டும் என்றார். சாயங்காலத்துக்குள் அந்தம்மா அதை அப்படியே பிடித்துவிட்டார். எடிட்டர் கையைக் குலுக்கினார். இன்டர்வெல்லுக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

அன்றைக்கு வீட்டில் சொல்லிவிட்டார். அவள் மடித்துக்கொண்டிருந்த துணியை மடித்து முடித்தாள். அப்படியா என்றாள். கவுண்டரில் தானே சொல்லிக்கொள்வதாகவும் சொன்னாள். இவ்வளவு லேசில் முடிந்ததே என்று அவர் மூச்சு விட்டார்.

வெளியீட்டுக்கு முன் வேண்டியவர்களுக்குப் படத்தைப் போட்டுக் காட்டினார்கள். இடைவேளையில் போன எல்லாரும் திரும்பி வந்தார்கள். அந்தக் குரல்தான் படத்தின் உயிர் என்று பலரும் சொன்னார்கள். அவள் பின்வரிசையில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு கடைசிவரை அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

வீட்டுக்குத் திரும்பும்போது பேருந்தில் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். எப்படி இருந்தது என்று அவராகத்தான் கேட்டார்.

“நல்லா இருக்குங்க. எங்கயும் தூக்கம் வரல. அந்தம்மாவும் நல்லாத்தான் பேசியிருக்காங்க.” கைப்பையை மடியில் சரியாக வைத்துக்கொண்டாள். “குரலை எடுத்தது பரவால்ல. அந்த அலுப்பு என்னுதுங்க. அதையாவது எனக்குன்னு விட்டு வெச்சிருக்கலாம்.”

கோபமாகச் சொல்லவில்லை. தொண்டை கட்டியிருந்தது. சொல்வதற்கு முன்னால் அந்தச் சின்ன மூச்சு வந்தது.

அவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். இந்தத் தடவை அவருக்கு எரிச்சல் வரவில்லை, அழுகை வந்தது.