சம்பந்தியம்மாவுக்குப் போன என் மரியாதை

எனக்குப் பட்டு வாங்கத் தெரியும். பெருமைக்காகச் சொல்லவில்லை என்று சொன்னால் பொய். பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

எங்கள் சொந்தத்தில் கல்யாணம் என்றால் பத்திரிகை அடிக்கும் முன்னாலேயே எனக்குச் சேதி வந்துவிடும். உத்திரமேரூர் பக்கமிருந்தும் வாலாஜாபாத் பக்கமிருந்தும் வேன் பிடித்து வந்து, சின்ன காஞ்சிபுரத்தில் எங்கள் வீட்டு வாசலில் நிறுத்தி ஹாரன் அடிப்பார்கள். நான் அவசரப்பட மாட்டேன். தலையை வாரி, வெற்றிலையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, டிரைவர் பக்கத்து சீட்டில் போய் ஏறி உட்காருவேன். அந்த சீட்டு எனக்குத்தான். பெண்ணைப் பெற்றவரே வந்தாலும் பின்னால்தான் உட்கார வேண்டும்.

போகிற கடையும் ஒரே கடைதான். பெரிய காஞ்சிபுரத்தில் இருக்கிறது. என் கல்யாணப் புடவை அங்கே எடுத்தது, என் மகளுடையதும் அங்கே எடுத்தது. நடுவில் எத்தனை கல்யாணம், எத்தனை சீமந்தம், எல்லாவற்றுக்கும் அங்கேதான்.

அந்தக் கடையில் புடவை விரித்துக் காட்டுகிற ஒருவர் உண்டு. மீசை முளைக்கும் முன்னால் வேலைக்குச் சேர்ந்தவர், இப்போது மீசை முழுக்க வெள்ளை. என்னை அக்கா என்பார். நான் ஒரு புடவையைத் தொட்டால் போதும், உடனே அவர் குரல் வரும்.

"அக்கா, அத்த உடுங்க. அரக்குல உங்ககிட்ட ரெண்டு இருக்குது. இன்னொண்ணு எதுக்கு? பீரோவத் தொறந்தா யாரையோ வெட்டிப் போட்ட மாரி இருக்கும்."

என்னிடம் என்னென்ன புடவை இருக்கிறது என்று என் வீட்டுக்காரருக்குத் தெரியாது. அது தெரியாமல் இருப்பதே குடும்பத்துக்கு நல்லது. இவருக்கு எல்லாம் தெரியும். எந்தப் புடவைக்கு என்ன கரை, எதன் முந்தியில் யானை, எதில் அன்னம் என்று அவர் மனசுக்குள் என் பீரோவே இருந்தது.

பிறகு பில் போடுகிற இடத்தில் கம்ப்யூட்டர் வந்தது. அதன் பின்னால் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள்.

"ஆயா, போன் நம்பர் சொல்லுங்க" என்றாள்.

"எதுக்குமா?"

"பாயிண்ட் ஏறும் ஆயா. தீபாவளிக்கு ஸ்வீட் பாக்ஸ், பொங்கலுக்குக் காலண்டர், எல்லாத்துக்கும் மெசேஜ் வரும். வந்து வாங்கிக்கினு போலாம்."

"பேரு வேணாமா?"

"பேரெல்லாம் வேணாம். நம்பர் போதும்."

எங்கள் வீட்டில் இருப்பது ஒரே போன். அது என் வீட்டுக்காரர் சட்டைப் பையில் டீக்கடைக்கும் கோயிலுக்கும் சுற்றிக்கொண்டிருக்கும். அதன் நம்பர் எனக்கு எப்படித் தெரியும்? தன் வீட்டுக்குத் தானே யாராவது போன் போடுவார்களா? எனக்கு மனப்பாடமாகத் தெரிந்தது ஒரே நம்பர்தான். என் மகளைக் கொடுத்த இடம், சம்பந்தியம்மாவின் நம்பர். மகள் ஸ்ரீபெரும்புதூரில் கம்பெனி வேலைக்குப் போகிறாள். அங்கே வாசலிலேயே போனை வாங்கி வைத்துவிடுவார்களாம். அதனால் பேத்தி பள்ளிக்கூடம் விட்டு வந்தாளா என்று நான் தினமும் சம்பந்தியம்மாவுக்குத்தான் போடுவேன். போனில் எழுத்தைப் பார்த்துப் பேர் தேட எனக்கு வராது. நம்பரை ராகம் போட்டு மனசில் வைத்திருந்தேன். அதே ராகத்தில், மூச்சு விடாமல், அந்தப் பெண்ணிடம் சொன்னேன்.

"சூப்பர் ஆயா! எங்க வயசுக்கே நம்பர் ஞாபகம் இருக்காது" என்றாள் அவள்.

எனக்குத் தலை கால் புரியவில்லை. அதற்கப்புறம் எந்த வேன் வந்தாலும் பணம் கட்டுகிற இடத்துக்கு எல்லோருக்கும் முன்னால் போய் நின்று அந்த நம்பரைச் சொல்லிவிட்டுத்தான் நகர்வேன்.

தீபாவளி வந்தது. ஸ்வீட் வரவில்லை. பொங்கல் வந்தது. காலண்டர் வரவில்லை. எங்கள் எதிர்வீட்டுக்காரி அந்தக் கடையில் ஒரே ஒரு புடவை எடுத்தவள், அதுவும் நான் கூட்டிப்போய் எடுத்தது. அவளுக்கு ஸ்வீட் பாக்ஸ் கிடைத்தது. அதிலிருந்து ஒரு லட்டைப் பிட்டு எனக்குப் பாதி கொண்டுவந்து கொடுத்தாள்! "கடைக்காரங்க குடுத்ததுக்கா, சாப்புடுங்க" என்று வேறு சொன்னாள். அந்தப் பாதி லட்டு என் தொண்டையில் எப்படி இறங்கியது என்பது எனக்குத்தான் தெரியும்.

போய்க் கேட்டிருக்கலாம். கேட்டு வாங்கினால் அதற்குப் பேர் மரியாதையா?

இப்படியே தீபாவளிகள் போயின. கொஞ்ச நாளாகச் சொந்தத்தில் கல்யாணமும் இல்லை, நானும் அந்தக் கடைப் பக்கம் போகவில்லை. போன வருஷம் அந்தக் கடை பெரிதாக, லிஃப்ட் வைத்துப் புதுக் கட்டடம் கட்டியது. திறப்பு விழாவுக்கு ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு தெருத்தெருவாகச் சொல்லிக்கொண்டு போனார்கள். நீண்ட நாள் வாடிக்கையாளர்களை மேடையேற்றி மரியாதை செய்யப் போகிறார்களாம். நான் வாசலில் நின்று கேட்டேன். கேட்டதோடு நிறுத்தியிருக்க வேண்டும். தெரு முழுக்கச் சொல்லிவிட்டேன், முதல் மரியாதை எனக்குத்தான் என்று.

என் வீட்டுக்காரர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் கேட்டார்: "உன்ன கூப்ட்டாங்களா?"

"கூப்புடாம?"

"போன் எதுவும் வரலியே."

"மேடைல கூப்புடுவாங்க. நீங்க பேப்பரப் படிங்க."

வாய்தான் அப்படிச் சொன்னது. கூப்பிடவில்லையென்றால் எதிர்வீட்டுக்காரி முகத்தில் எப்படி விழிப்பேன்? வரதராஜப் பெருமாள் கோபுரத்தைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லி வைத்தேன்: இந்த முறையும் அந்தக் கடை என்னை மறந்தால், இனி அதன் படியை மிதிக்க மாட்டேன்.

விழாவன்று காலையில் என் கல்யாணப் புடவையைக் கட்டிக்கொண்டு போனேன். எதிர்வீட்டுக்காரி கூடவே வந்தாள். எனக்கு நடக்கப்போவதைப் பார்க்க வந்தாளா, நடக்காமல் போவதைப் பார்க்க வந்தாளா என்று தெரியாது. பந்தலில் ஒரே கூட்டம். நடுவில் இடம் பிடித்து உட்கார்ந்தோம்.

கோட்டுப் போட்ட ஒரு பையன் மைக்கைப் பிடித்தான். "நம்ம கடையோட நம்பர் ஒன் கஸ்டமர்! இவங்க யாருன்னு போன் நம்பர வெச்சே கண்டுபுடிங்க பாக்கலாம்!" என்று ஒவ்வொரு எண்ணாகப் படித்தான். பாதி படிப்பதற்குள் மீதியை என் வாய் தானாகப் பாடிவிட்டது.

"அக்கா! உங்க நம்பரா!" என்று எதிர்வீட்டுக்காரி என் முதுகில் ஓங்கி அடித்தாள்.

நான் எழுந்து நின்றுவிட்டேன். அதே நேரம் முன்வரிசையில் இன்னொரு அம்மாளும் எழுந்தார். பூப்போட்ட நைலக்ஸ் புடவை. திரும்பிப் பார்க்காமல் விறுவிறுவென்று மேடை ஏறினார். நடையைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. என் சம்பந்தியம்மா!

பட்டு என்றாலே ஆகாதவர் அவர். உடம்பு அரிக்கும். எங்கள் பிள்ளைகள் கல்யாணத்தில் தாலி கட்டி முடிகிற வரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு பட்டு கட்டியிருந்தார். மேளம் ஓய்வதற்குள் நைலக்ஸுக்கு மாறி வந்துவிட்டார். அவருக்குப் பட்டுக்கடை முதலாளி பொன்னாடை போர்த்துகிறார், கையில் புடவைப் பெட்டியைக் கொடுக்கிறார். நான் கூட்டத்தின் நடுவில் நட்டு வைத்த மாதிரி நிற்கிறேன். அப்போதுதான் என் ஸ்வீட்டும் என் காலண்டரும் இத்தனை நாளாக எந்த வீட்டுக்குப் போயின என்று விளங்கியது.

"அம்மா, நம்ம கடைப் பட்டப் பத்தி ரெண்டு வார்த்தை சொல்லுங்க" என்று மைக்கை நீட்டினான் பையன்.

சம்பந்தியம்மாவுக்குப் பொய் வராது. "பட்டா? எனக்குப் பட்டு ஆவாதுபா. அரிக்கும். ஸ்வீட்டு மட்டும் நல்லா இருக்குது" என்றார்.

பந்தல் சிரித்தது. பையனுக்கு வியர்த்தது. "இல்லமா, நீங்க நெறைய வாங்கியிருக்கீங்க. கம்ப்யூட்டர்ல இருக்குதே?"

"அப்ப கம்ப்யூட்டர்தான் கட்டிக்கினு சுத்துதோ என்னமோ!"

சொல்லிவிட்டுத் திரும்பியவர் கண்ணில் நான் பட்டேன். "அதோ எங்க சம்பந்தியம்மா! அவங்கதான்பா பட்டு எடுக்கறவங்க. ஏன் சம்பந்தியம்மா, என் நம்பரையா குடுத்து வெச்சீங்க?"

மைக்கில் கேட்டார். காமாட்சியம்மன் கோயில் வரைக்கும் கேட்டிருக்கும்.

நான் மேடைக்கு மெதுவாகவே நடந்தேன். கூட்டம் வழி விட்டது. சம்பந்தியம்மா பெட்டியை என்னிடம் நீட்டினார். என் இரண்டு கையும் முதுகுக்குப் பின்னால் போய்விட்டன. பெண் கொடுத்த இடத்துக்கு நாம் கொடுக்கலாமே தவிர, அங்கிருந்து கை நீட்டி வாங்கக் கூடாது. எங்கள் வீட்டில் இது மாறாத வழக்கம். அதுவும் இத்தனை பேர் முன்னால்!

"உங்க கையால நான் எப்படிச் சம்பந்தியம்மா வாங்குவேன்? நீங்க புள்ள வூட்டுக்காரங்க."

"இது உங்களுதுமா!"

"என்னுதுதான். யாரு இல்லன்னாங்க?"

"அப்ப வாங்குங்க!"

"மாட்டேன்."

"அடுத்தவங்க பொருள நான் எப்படி வூட்டுக்கு எடுத்துக்கினு போவேன்? அதுவும் பட்டு! பாக்கும்போதே அரிக்குது."

கீழே இருந்து எதிர்வீட்டுக்காரி "வாங்கிக்கக்கா!" என்று கத்தினாள். இன்னொரு பக்கம் யாரோ ஒரு அம்மாள், "வாங்காதீங்க! பொண்ணு குடுத்தவங்க வாங்கக் கூடாது!" என்று கத்தினார். பந்தலே இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டது. ஊரில் எனக்கு இவ்வளவு ஆள் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரியும்.

நானே வழி சொன்னேன். "கடைக்கே திருப்பிக் குடுத்துடுங்க. கடை எனக்குக் குடுக்கட்டும்."

கோட்டுப் பையன் தலையைச் சொறிந்தான். "சிஸ்டத்துல குடுத்தாச்சுன்னு போட்டாச்சுமா. திரும்ப வாங்கினா..."

"விற்ற பொருள் வாபஸ் இல்லைன்னு போர்டு போட்ருக்காங்கபா!" என்று கூட்டத்தில் ஒரு குரல். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். முதலாளியும் சிரித்தார். என்ன செய்வதென்றுதான் அவருக்குத் தெரியவில்லை.

அப்போது உள்ளேயிருந்து வந்தார் அவர், என் பீரோவை மனசில் வைத்திருப்பவர். யாரையும் கேட்கவில்லை. சம்பந்தியம்மா கையிலிருந்து பெட்டியை வாங்கித் திறந்தார். உள்ளே பார்த்ததும் முகம் சுருங்கிப்போனது.

"அரக்கா? இத்த எவன்பா எடுத்து வெச்சது? அக்காகிட்ட ரெண்டு இருக்குது!"

பெட்டியைக் கோட்டுப் பையன் கையில் திணித்துவிட்டு உள்ளே போய்விட்டார். கொஞ்ச நேரம் கழித்து ஒரு தாம்பாளத்தோடு வந்தார். வெற்றிலை பாக்கு, பூ, நடுவில் ஒரு புடவை. வெங்காயத் தோல் நிறத்தில் உடல், மயில் கழுத்தில் கரை. அந்த மாதிரி ஒன்றை நான் எந்தக் கல்யாணத்திலும் பார்த்ததில்லை.

"இது வந்ததுல இருந்து அலமாரியில அடியில ஒளிச்சி வெச்சிக்கினு இருக்கேன், உங்களுக்குக் காட்டலாம்னு. ஏன்கா இத்தினி நாளு வரல?" என்று என்னையே திட்டினார்.

தாம்பாளத்தை முதலாளியிடம் நீட்டினார். முதலாளி வாங்கவில்லை. "நீயே குடுப்பா. அவங்களை உனக்குத்தான் தெரியும்" என்றார்.

வாங்கினேன். இரண்டு கையாலும் வாங்கினேன். விசில் அடித்தார்கள்! இந்த வயதில் எனக்கு விசில்!

துணிக்கடை வைத்திருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால் ஒன்று சொல்வேன். பாயிண்ட் கொடுங்கள், காலண்டர் கொடுங்கள், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் கொடுக்கும் முன்னால், வாங்குகிறவளைத் தெரிந்த ஆளிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். அவள் பீரோவில் ஏற்கெனவே என்ன இருக்கிறது, அவளுக்கு எது பொருந்தும், அவள் ஏன் கொஞ்ச நாளாக வரவில்லை என்று. அந்த ஆளுக்குச் சம்பளமும் சேர்த்துக் கொடுங்கள். மீசை நரைக்கும் வரைக்கும் அவரை வைத்துக்கொள்ளுங்கள்.

மேடையை விட்டு இறங்கும்போது பார்த்தால், சம்பந்தியம்மா பொன்னாடையோடு நெளிந்துகொண்டிருந்தார்.

"இதுவும் அரிக்குதுமா" என்றார்.

எனக்குப் பாவமாகிவிட்டது. கூப்பிட்டு வரவழைத்து, கொடுத்ததையும் பிடுங்கிக்கொண்ட மாதிரி அல்லவா ஆகிவிட்டது! பெண் கொடுத்தவள் நான் இருக்கும்போது அவர் வெறுங்கையோடு போகலாமா?

"வாங்க சம்பந்தியம்மா, மேல காட்டன் இருக்குதாம். ஒங்களுக்குப் புடிச்சத எடுங்க. நான் வாங்கித் தரேன்."

"எதுக்குமா இப்ப..." என்றார். கால் மட்டும் எனக்கு முன்னால் நடந்தது.

லிஃப்டில் ஏறினோம். நான் தாம்பாளத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன், அவர் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். லிஃப்ட் மேலே போனபோது என் வயிறு மட்டும் கீழே நின்றுவிட்டது. அவர் 'ஐயோ பெருமாளே' என்றார். ஏகாம்பரநாதர் கோயில் பக்கத்திலேயே இருந்துகொண்டு பெருமாளைக் கூப்பிடுகிறாரே என்று எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் சிரித்ததைப் பார்த்து அவரும் சிரித்தார். கதவு திறந்தது. எங்கள் இரண்டு பேராலும் சிரிப்பில் கால் எடுத்து வைக்க முடியவில்லை. கதவு மூடிக்கொண்டது. கீழே போனோம். கீழே கதவு திறந்தால் எதிர்வீட்டுக்காரி நிற்கிறாள்.

"என்னக்கா, காட்டன் எடுத்தாச்சா?"

அவளையும் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டோம்.