மலையேற்றக் கூலி

உடும்பஞ்சோலைக்குப் பக்கத்து எஸ்டேட்டில், ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் வேலை பார்க்கும் இன்னாசிராஜை ஊர் ஓர் ஆளாக மதிப்பது வருஷத்தில் ஒரே ஒரு நாள்தான். அந்தோணியார் திருவிழா முடிந்து, நேர்ச்சைக்கு வந்த சேவலையும் ஆட்டுக்குட்டியையும் கோயில் முற்றத்தில் ஏலம் விடும் நாள். அன்றைக்கு மைக் அவர் கையில் இருக்கும். "ஒரு தரம், ரெண்டு தரம்" என்று அவர் இழுக்கிற இழுப்பில் பரம கஞ்சன்கூடக் கையைத் தூக்கிவிடுவான். மற்ற நாளெல்லாம் அவர் வெறும் "டேய் இன்னாசி". நேற்று வேலைக்குச் சேர்ந்த சூப்பர்வைசர் பையனும் அப்படித்தான் கூப்பிடுவான். ஐம்பத்தைந்து தாண்டிய மனுஷன் "இதோ வந்துட்டேன் சார்" என்று ஓடுவார். கேட்டால் பழகிவிட்டது என்பார். அதெல்லாம் யாருக்கும் பழகுவதில்லை, சொல்லிக்கொள்வதுதான்.

மகள் ஜோமோள் திருப்பூரில் பனியன் கம்பெனியில் தைத்துக்கொண்டிருந்தாள். புருஷன் போன இடம் தெரியாது. பிள்ளை தாத்தா பாட்டியிடம் வளர்ந்தது. போன கிறிஸ்துமஸுக்கு அவள் வந்தபோது, அந்தப் பிள்ளை அவளைப் பார்த்து "அக்கா" என்றது. இனி திருப்பூர் பக்கமே போவதில்லை என்று அன்றைக்கே முடிவு கட்டினாள்.

பஜாரில் ரெடிமேட் கடை வைத்திருக்கும் டின்சி அவளுக்கு ஒரு வழி சொன்னாள். பள்ளிக்கூடம் திறக்குமுன் யூனிஃபார்ம் ஆர்டர் வரும், ஓரம் அடிக்கும் ஓவர்லாக் மெஷின் இருந்தால் ஜோமோளுக்கே தருவாள். ஜோமோள் கம்மலை விற்றாள். செல்போனில் பழைய சாமான் ஏலம் விடும் ஆப்பில், பாலக்காட்டுப் பக்கம் கொல்லங்கோட்டில் ஒரு மெஷின் கிடந்தது. மோட்டாரும் ஸ்டாண்டும் இல்லை. அதையெல்லாம் மிச்சப் பணத்தில் இங்கேயே வாங்கிக்கொள்ளலாம் என்பது கணக்கு. அப்பாவின் பேரில்தான் ஏலம் கேட்டார்கள். ஆயிரத்து எண்ணூறுக்கு விழுந்தது. ஏலம் விட்டே பழகிய இன்னாசிராஜ் வாழ்நாளில் ஏலம் எடுத்தது அதுதான் முதல் தடவை. அன்றைக்கு வீட்டில் கோழிக்குழம்பு.

மறுநாள் விற்றவளிடமிருந்து தகவல் வந்தது. மெஷின் விலை போக, மலையேற்றக் கூலி, பேக்கிங், ஏற்றுக்கூலி எல்லாம் சேர்த்து ஒன்பதாயிரம்.

"கழுதை விலையவிடக் கயிறு விலை கூடுதலால்ல இருக்கு!" என்றாள் ஜோமோள். "பணம் கட்டுறதுக்கு முன்னாடி வேண்டாம்னு சொல்லலாம்பா. அதுலயே போட்டிருக்கான். நீ போன் பண்ணிக் கொறைக்கச் சொல்லு. மாட்டேன்னா விட்டுரு, வேற பாப்போம்."

இன்னாசிராஜ் போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். திட்டுவதற்குக்கூட ரெண்டு வார்த்தை தயாராக வைத்திருந்தார்.

"வணக்கமுங்ணா, நர்மதா பேசறனுங்க. சொல்லுங்ணா, சாப்பிட்டீங்களா?"

திட்ட வந்தவர், "சாப்பிட்டேம்மா" என்றார்.

"ஏனுங்ணா, கூலியப் பத்திங்களா? வண்டி அவ்வளவு தூரம் மலை ஏறோணுமல்லங்க. உங்களப் போலப் பெரியவங்ககிட்டப் போயி ஏமாத்துவமுங்களா? நீங்களே சொல்லுங்க."

கிழக்குப் பாலக்காட்டில் நாய்க்குட்டியை விரட்டினாலும் ஒரு 'ங்க' போட்டுத்தான் விரட்டுவார்கள் என்று யாராவது அவருக்குச் சொல்லியிருக்க வேண்டும். சொல்ல ஆள் இல்லை. அத்தனை 'ங்க'வும் தனக்கென்றே வந்தது என்று நினைத்தார். அந்தக் குரலிடம் போய்க் காசைக் குறை என்று கேட்பது அசிங்கமாகப் பட்டது. "சரிம்மா, அனுப்பிருங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்தார்.

"கேட்டியாப்பா?"

"கேட்டேன். கொறைக்க முடியாதாம்."

"அப்ப விட்டுரு."

"அது எப்படி விட? கோயில்ல ஏலம் எடுத்தவன் வேண்டாம்னா நான் விடுவேனா? ஊருக்கு ஒரு நியாயம், எனக்கு ஒரு நியாயமா?"

அப்பாவுக்கென்று இருப்பது அந்த ஒரு கௌரவம்தான், அதையும் கெடுப்பானேன் என்று ஜோமோள் பணத்தைக் கட்டினாள். மோட்டாருக்கு வைத்திருந்தது பெரும்பாலும் கரைந்தது. கடன் வாங்கியாவது சமாளிக்கலாம் என்று தன்னையே தேற்றிக்கொண்டாள்.

பத்து நாள் கழித்து நெடுங்கண்டம் பார்சல் ஆபீஸில் இருந்து கூப்பிட்டார்கள். இரண்டு பேரும் போனார்கள். சாக்கில் சுற்றி, கயிறு போட்டுக் கட்டி, மூலையில் கிடந்தது மெஷின். பேக்கிங் என்பது அவ்வளவுதான். அங்கே வேலை செய்யும் லிபின் ரசீதை நீட்டினான்.

"லாரிக்கூலி இங்கதான் கட்டணும். எழுநூத்தி நாப்பது."

"கூலியெல்லாம் கட்டியாச்சே" என்றாள் ஜோமோள்.

"அனுப்பின ஆள் ஒண்ணும் கட்டலை. பாருங்க, எழுதியிருக்கு."

ஜோமோள் அங்கேயே நர்மதாவுக்குப் போன் போட்டாள். குரல் வெளியே கேட்டது.

"ஏனுங்கம்மா, அண்ணங்கிட்ட எல்லாம் பேசித்தானுங்க அனுப்பிச்சோம். கொறைங்கன்னு அவரு ஒரு வார்த்தை கேக்கலைங்களே. கேட்டிருந்தா ரெண்டாயிரம் போதும்னு முடிச்சிருப்பனுங்க."

ஜோமோள் போனை அணைத்தாள். இன்னாசிராஜ் மெஷினைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ கேக்கவே இல்லியா?"

இல்லை என்று அவர் தலையை ஆட்டினார்.

"கேட்டேன்னு சொன்னியே. எதுக்குப்பா?"

கோயில், ஏலம், நியாயம் என்று வீட்டில் சொன்னதையே திருப்பிச் சொல்லியிருக்கலாம். அவருக்கு அழுகைதான் வந்தது.

"போன்ல அந்தப் பிள்ள எங்கிட்ட அவ்வளவு மரியாதையாப் பேசிச்சு மோளே. என்னைய யாரு அப்படிக் கூப்பிட்டிருக்கா? கேக்க மனசு வரல."

லிபின் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். ஜோமோள் பர்ஸைத் திறந்து எழுநூற்று நாற்பதை எண்ணி வைத்தாள். பஸ்ஸுக்குக் கொஞ்சம் சில்லறை மிஞ்சியது. மோட்டாருக்குக் கடன் கேட்கலாம் என்றிருந்த தெம்பும் அவளிடம் இல்லை.

"டின்சி அக்காகிட்ட முடியாதுன்னு சொல்லிர்றேன்" என்றாள். குரலில் கோபம்கூட இல்லை. "திங்கக்கிழமை நான் திருப்பூர் போறேன். நீங்க ஆட்டோ பிடிச்சு இதை ஏத்திட்டு வாங்க. பிள்ளைய நல்லாப் பாத்துக்கிடுங்க."

பேசப் பழகிய நாளிலிருந்து அப்பாவை 'நீ' என்றே கூப்பிட்டவள் அவள். இன்னாசிராஜ் நிமிர்ந்து பார்ப்பதற்குள் ரோட்டைக் கடந்து பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.