லேவியராகமத்தில் வைத்த மஞ்சள் கயிறு

என்னுடைய பழைய வேதாகமத்துக்குப் புதுத் தோல் அட்டை போடக் கொடுத்திருந்தேன். நேற்றுப் போய் வாங்கி வந்தேன். வேலூரில் சந்துக்குள் கடை வைத்திருக்கும் பாய் ஒரு பக்கத்தைப் பிரித்துக் காட்டினார். "இன்னா சார் இது, மஞ்சளா ஒரு கோடு? எவ்ளோ தொடச்சும் போவல." குழம்பு சிந்தியிருக்கும் என்று சொல்லிவிட்டேன். பார்த்தீர்களா, இந்த வயதிலும் எனக்குப் பொய் எவ்வளவு சரளமாக வருகிறது!

புது அட்டையின் வாசனை வீடு வரைக்கும் கூடவே வந்தது. ஆம்பூரில், பாலாற்றங்கரையில் தோல் பதனிடும் ஷாப்புகளுக்கு நடுவே, வாத்தியாராகப் போன முதல் மாதம் எனக்குச் சோறே இறங்கவில்லை. ஒரு பக்கம் சுண்ணாம்புக் குழி, இன்னொரு பக்கம் ஆவாரம்பட்டை ஊறும் தொட்டி. பிறகு மூக்கு பழகிவிட்டது. மூக்கைப் போல மானங்கெட்ட உறுப்பு கிடையாது. மனசாட்சி அதற்குப் பங்காளி என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தப் பள்ளிக்கூடமே கோயில். வேதபாடம் வாசிப்பது நான். ஷாப் வேலைக்காரர்கள் எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும் நாற்றம் போகாது என்பதால், யாரும் சொல்லாமலே கதவோரப் பாயில் உட்காருவார்கள். ஆராதனை முடிந்ததும் பாய் சுருட்டுவதும் அவர்கள்தான். அவர்களில் ஒருவர் மோசே. தோலைக் கடுக்காய்த் தண்ணீரில் முக்கி எடுக்கும் வேலை அவருக்கு, அதனால் முழங்கை வரை மஞ்சள் ஏறியிருக்கும். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அந்நாளில் நான் அவரிடம் 'நீ, வா, போ' என்றுதான் பேசினேன். இப்போது எழுதும்போது மட்டும் மரியாதை வந்துவிடுகிறது, யாருக்கு என்ன லாபம்?

அந்த வருஷம் பெரியம்மை வந்தது. மோசேயின் பையனுக்குப் போட்டது. ஏழு வயது. மாரியம்மன் கோயில் கயிறு கட்டச் சொல்லித் தெருவே நச்சரித்தது. நான் அவர் வீட்டு வாசலில் நின்று, "கட்டாத மோசே. கர்த்தர நம்பு" என்றேன். மோசே கட்டவில்லை. பையன் பன்னிரண்டாம் நாள் போய்விட்டான்.

அடுத்த வாரம் என் மகளுக்குப் போட்டது. நாலு வயது. நான் என்ன செய்தேன் தெரியுமா? வாணியம்பாடி வரை ரயிலேறி, அங்கிருந்து மாட்டுவண்டி பிடித்து, ஆலங்காயம் பக்கம் என்னைத் தெரியாத ஓர் ஊரில் மாரியம்மன் கயிறு வாங்கி வந்தேன், மஞ்சள் ஈரம் காயாமலே. வீட்டில் என் மனைவி குழந்தையின் பக்கத்தில் முழங்காலிட்டு ஜெபித்துக்கொண்டிருந்தாள். அவள் முன்னால் அதை எடுக்கக் கை வரவில்லை. விசுவாசத்தினால் அல்ல, வெட்கத்தினால். யாரும் புரட்டாத இடம் என்று லேவியராகமத்துக்குள் செருகி வைத்தேன். அங்கேயே இருந்தது. கட்டவே இல்லை. குழந்தை பிழைத்துக்கொண்டாள்.

அவளுக்காக ஸ்தோத்திர ஆராதனை நடந்தது. நான் பாடம் வாசிக்க வேதத்தை விரித்தபோது கயிறு நழுவி விழுந்திருக்கிறது. ஆராதனை முடிந்து பாய் சுருட்ட வந்த மோசே அதை எடுத்து என்னிடம் கொடுக்க வந்துகொண்டிருந்தார். விழுந்ததைப் பார்த்திருக்கிறார். சரியாக அந்த நேரம் போதகர் திரும்பினார். அவர் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து அப்போதுதான் மாற்றலாகி வந்தவர். கடுக்காய்க் கையை அவர் எங்கே கண்டார்!

"கையெல்லாம் மஞ்சள், கையில சாமிக் கயிறு. பிள்ளைக்கு இதத்தான் கட்டினியா?" என்றார்.

மோசே என்னைப் பார்த்தார். போதகரும் என் பக்கம் திரும்பி, "வாத்தியாரே, இது இவனுதா?" என்று கேட்டார்.

"தெரியலீங்க ஐயா" என்றேன்.

பேதுரு மூன்று முறை மறுதலித்தார், எனக்கு ஒரு முறையே போதுமாயிருந்தது. அவராவது வெளியே போய் மனங்கசந்து அழுதார். நான் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டேன்.

மோசேயை ஆறு மாதம் திருவிருந்திலிருந்து விலக்கினார்கள். பிள்ளையைப் பறிகொடுத்தும் கயிறு கட்டாத மனிதரை! அவர் வாய் திறக்கவில்லை. ஞாயிறு தவறாமல் வந்து வாசற்படிக்கு வெளியே உட்கார்ந்தார். உள்ளே அப்பமும் ரசமும் என் கைக்கு வரும்போது நான் கதவுப் பக்கம் பார்ப்பதில்லை.

ஒரு நாள் ஆற்று மணலில் எதிரே வந்தார். கோபித்துக்கொள்வார் என்று ஒதுங்கப் பார்த்தேன்.

"பாப்பா நல்லா கீதா வாத்தியாரே?"

"நல்லா இருக்குது."

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். யாருகிட்டயும் சொல்ல மாட்டேன். அந்தக் கயிறு கட்டினதாலதான் பொழச்சுதா? நானும் கட்டியிருந்தா எம் புள்ள இருந்திருப்பானா?"

அவர் நியாயம் கேட்கவில்லை, சபையில் நல்ல பெயரும் கேட்கவில்லை. ஒரு சொல் கேட்டார். 'நான் கட்டவில்லை' என்று சொல்லியிருந்தால் அந்த மனிதர் அன்றிரவு தூங்கியிருப்பார். ஆனால் அதைச் சொன்னால் கயிறு என்னுடையது என்றாகிவிடுமே. அவருக்கு அது ஏற்கெனவே தெரியும் என்பதுகூட என் பயத்துக்கு உறைக்கவில்லை.

"எனக்கு இன்னா தெரியும் மோசே?" என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

அதற்கடுத்த ஞாயிறு வாசற்படி காலியாக இருந்தது. குடும்பத்தோடு தங்கவயலுக்குப் போய்விட்டார் என்றார்கள். அங்கே அவர் எந்த வேதக்கோயிலிலும் கால் வைக்கவில்லை என்றும், அடுத்துப் பிறந்த குழந்தைக்குப் பிறந்த அன்றே கயிறு கட்டினார் என்றும் பிற்பாடு காதில் விழுந்தது. தேடிப் போக ரயில் இருந்தது. வாணியம்பாடிக்கு ஏறத் தெரிந்த எனக்கு அந்த ரயிலில் ஏறத் தெரியவில்லை. பிறகு அவர் அங்கே சுரங்கத்தில் இறந்துபோனார் என்றும் கேள்விப்பட்டேன்.

போன மாதம் ஆம்பூருக்குப் போயிருந்தேன். அந்த ஷாப்பில் இப்போது பெரிய மரப் பீப்பாய்கள் யந்திரத்தில் சுழல்கின்றன. கடுக்காய்த் தொட்டியை மூடிவிட்டார்கள். கோயிலில் பாய் போய் பெஞ்சு வந்திருக்கிறது. வாசற்படியையும் இடித்துப் புதிதாகக் கட்டிவிட்டார்கள். ஆராதனை முடிந்து வெளியே வந்தவர்களின் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு கையிலும் மஞ்சள் இல்லை.

கட்டல மோசே. நான் அதக் கட்டவே இல்ல.