அந்த டெஸ்ட் யாருக்கு?

போன வருடம், தைப்பூசத்துக்கு முந்தைய வாரம். எங்கள் ஊரான ஸ்கூடாயில், நாங்கள் வழக்கமாகப் போகும் கிளினிக்கில் நடந்தது இது.

பள்ளிக்கூடம் போகும் என் மகளுக்குக் காய்ச்சல், இருமல். என்ன கிருமியோ என்று எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. மூக்கில் குச்சி விட்டு எல்லா வைரஸுக்கும் டெஸ்ட் எடுத்துவிடுங்கள் என்று டாக்டரிடம் பிடிவாதம் பிடித்தேன். சின்ன வயது டாக்டர், நம் தமிழ்ப் பெண்தான். மகளின் நெஞ்சைச் சோதித்தார், விரலில் கருவி மாட்டிப் பார்த்தார்.

"பாப்பா நல்லாத்தான் மூச்சு விடுது, தண்ணியும் குடிக்குது. எந்த வைரஸா இருந்தாலும் நான் குடுக்கப்போறது இதே மருந்துதான். டெஸ்ட் வேணாம் லா அக்கா."

எனக்குச் சுருக்கென்றது. கேட்டால் செய்ய வேண்டியதுதானே என்று முணுமுணுத்துக்கொண்டே எழுந்தேன். அப்போது அவர் சாதாரணமாகக் கேட்டார்.

"வீட்டுல வேற யாருக்காச்சும் உடம்பு சரியில்லையா?"

"இல்ல டாக்டர். வீட்டுக்காரருக்குத்தான் காலையிலேர்ந்து லேசா தொண்டை கரகரப்பு. பால்குடத்துக்கு விரதம் இருக்காரு, அந்த அசதியில படுத்திருக்காரு. கிட்னி மாத்தின உடம்பு வேற."

அவர் எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்திவிட்டார். "அவரை இப்பவே கூட்டிட்டு வாங்க. டெஸ்ட் அவருக்குத்தான் வேணும்."

மாற்றிய சிறுநீரகத்தை உடம்பு ஒதுக்கிவிடாமல் இருக்க என் வீட்டுக்காரர் சாப்பிடும் மாத்திரைகள், நோயை எதிர்க்கும் சக்தியையும் குறைத்துவிடும். காய்ச்சல்கூடக் காட்டாமல் கிருமி நெஞ்சில் இறங்கிவிடலாம். இன்ன கிருமி என்று தெரிந்தால் அதற்கான மருந்தை உடனே தொடங்கலாம், தாமதித்தால் பலன் குறையும் என்றார். ஆஸ்பத்திரியில் எத்தனையோ முறை சொன்னதுதான். ஆனால் விரதம் என்றதும் அந்த அசதியை நான் சந்தேகப்படவே இல்லை.

திரும்பும் வழியில் கார்கள் நகரவே இல்லை. வீட்டுக்காரருக்குப் போன் அடித்தேன். எடுக்கவில்லை. மறுபடியும் அடித்தேன். எடுக்கவில்லை. அந்த நேரத்தில் என்னென்ன நினைத்தேன் என்பதை எழுதக்கூடக் கை வரவில்லை. முருகா, முருகா என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஓட்டினேன்.

சோபாவில் தூங்கிக்கொண்டிருந்தார். தொட்டுப் பார்த்தேன், சூடே இல்லை. எழுப்பியதும் எரிந்து விழுந்தார்.

"காய்ச்சலே இல்ல, ஏன் இப்படி கலாட்டா பண்ற?"

சொன்னவர், வாசல் வரை நடப்பதற்குள் மூச்சு வாங்கி நின்றுவிட்டார்.

கிளினிக்குக்குக் கூட்டிப்போய் எடுத்த டெஸ்டில் இன்ஃபுளுவென்சா என்று வந்தது. அந்த டாக்டரே போன் செய்து பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவைத்தார். அன்றைக்கே மருந்து தொடங்கினார்கள். ஆக்சிஜனும் வைத்தார்கள். மகள் தானாகவே தேறி வீட்டில் ஓடியாடினாள். அவருக்கோ பூசம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கழிந்தது. பால்குடத்தை அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம், ஆளை மட்டும் திருப்பிக் கொடு என்று முருகனிடம் சண்டையே போட்டேன். கொடுத்துவிட்டான்.

இருமி வீட்டையே எழுப்புகிற பிள்ளையை எல்லாரும் கவனித்துவிடுவோம். காய்ச்சல்கூட இல்லாமல் சத்தமில்லாமல் படுத்திருப்பவரை நினைத்தால்தான் எனக்கு இன்றைக்கும் பயமாக இருக்கிறது.