பாலம் வரை தாங்கும் பாடம்

சிக்னலை மதிக்காதவர்கள், குடித்துவிட்டு ஓட்டியவர்கள், ஒரு கையில் ஃபோனும் மறு கையில் ஸ்டியரிங்குமாகப் பிடிபட்டவர்கள் எல்லோரும் சனிக்கிழமைகளில் எங்களிடம் வருவார்கள். நாள் முழுக்க வகுப்பில் உட்கார்ந்தால்தான் லைசென்ஸ் திரும்பக் கிடைக்கும். அதற்கான சான்றிதழை அடித்து, சீல் குத்திக் கொடுப்பது என் வேலை. வருகிறவர்களில் பாதிப் பேர் எனக்குப் பழக்கமான முகங்கள். "என்னக்கா, சௌக்கியமா?" என்று விசாரித்துக்கொண்டே வந்து, போன முறை உட்கார்ந்த அதே நாற்காலியைத் தேடிப் பிடித்து உட்காருவார்கள். திருந்திய முகம் எப்படி இருக்கும் என்று என்னைக் கேட்டால், நான் பார்த்ததில்லை என்றுதான் சொல்வேன்.

ஃபிரிட்ஜ் மெக்கானிக் ஒருவர் மட்டும் இங்கே பிடிபட்டு வரவில்லை. அவர் பாடமாக வந்தார்.

அவர் மேல் எந்தத் தப்பும் இல்லை. பச்சை விளக்குக்குக் காத்திருந்து, பச்சை விழுந்த பிறகுதான் பைக்கைக் கிளப்பினார். குறுக்கே வந்த வேன்காரனுக்குச் சிவப்பில் நிற்கும் பழக்கம் இல்லை. இடது கால் முட்டிக்கு மேலே போய்விட்டது. இது எங்கள் வாத்தியார் காதுக்கு எட்டியது. வாத்தியார் போக்குவரத்துப் போலீசில் இருந்து ஓய்வு பெற்றவர். படம் காட்டினால் தூங்குகிறார்கள், சட்டம் சொன்னால் சிரிக்கிறார்கள், அழவைத்தால்தான் மண்டையில் ஏறும் என்பது அவருடைய கொள்கை. மெக்கானிக்கின் வீட்டுக்கே போய், கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து பேசினார்.

"வந்து உன் கதையைச் சொல்லுப்பா, அது போதும். ஒருத்தன் திருந்தினாக்கூடப் போதும். அந்த ஒருத்தனால எத்தனை பேர் காலோட வீட்டுக்குப் போவாங்கன்னு யோசிச்சுப் பாரு."

மெக்கானிக் அதை அப்படியே பிடித்துக்கொண்டார். போன காலுக்கு ஒரு பிரயோசனம் இருக்கிறது என்று யாரோ சொன்னால் யார்தான் வேண்டாம் என்பார்கள்? அன்றிலிருந்து அந்த ஒருத்தனைத் தேடுவதே அவருக்குப் பிழைப்பாகிவிட்டது. வகுப்பு முடிந்ததும் என் மேஜைக்கு வந்து, "இன்னைக்கு யாராச்சும் தேறுவாங்களாக்கா?" என்று கேட்பார். "ஏன், நிறையப் பேர்" என்று மனசாட்சி இல்லாமல் சொல்வேன்.

வாத்தியார் போய்ப் பேசிய அந்த நாட்களில்தான் அவருக்குச் செயற்கைக் கால் வந்திருந்தது. வீட்டுக்குள் ஒரு குறுகலான நடைவழி. அதன் ஒரு கோடியில் அவர் மனைவி நின்றுகொள்வார், இவர் சுவரைப் பிடித்துப் பிடித்து மறு கோடியில் இருந்து வருவார். மனைவிக்கு மருந்துக்கடையில் வேலை. நாளெல்லாம் நின்றுவிட்டு வந்தவர், இவர் விழுந்தால் தூக்கவும் நின்றார். விழுந்து எழுந்து, முழங்கையெல்லாம் தோலுரிந்து, ஒருவழியாகச் சுவரைப் பிடிக்காமல் நடக்கப் பழகினார். முதல் வகுப்புக்குத் தேய்த்த பேன்ட் போட்டு, எங்கள் மாடிப்படியைத் தானே ஏறி வந்தார். கீழே டயர் கடை, மேலே நாங்கள். கடைசிப் படியில் நின்று என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரித்தாரே, அதை நான் மறக்கவில்லை.

அன்று யாரும் அழவில்லை. ஒருவர் கொட்டாவி விட்டார். கேள்வி இருந்தால் கேட்கலாம் என்றதும் பின்வரிசையில் ஒரு ஆள் எழுந்து, "எங்க வீட்டு ஃபிரிட்ஜுல ஐஸ் கட்டிக்கிட்டே இருக்கு, என்ன பண்ணலாம்?" என்று கேட்டார். மெக்கானிக்கும் பொறுப்பாகப் பதில் சொன்னார்.

வாத்தியார் அவரைத் தனியாக அழைத்துப் போனார். தனியாக என்றாலும் என் மேஜைக்குப் பக்கத்தில்தான்.

"நீ ரொம்ப நல்லா நடக்கிறே. அதான்பா பிரச்சினை. பார்க்கிறவனுக்கு உனக்கு என்ன குறைன்னு தோணுது. அடுத்த வாரம் அந்தக் காலை வீட்லயே கழட்டி வச்சிட்டு வா. பேன்ட்டை மடிச்சு ஊக்கு குத்திக்கோ. ஸ்டிக் ரெண்டையும் ஊன்றிக்கிட்டு வா."

மெக்கானிக் தன் ஷூவையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வாரம் அவர் மனைவி எனக்கு ஃபோன் செய்தார். "அவரை நடக்க வைக்க நான் பட்ட பாடு உங்க வாத்தியாருக்குத் தெரியுமா? எடுத்து வச்ச காலைத் திரும்பப் பிடுங்குறாரே, இவரெல்லாம் ஒரு மனுஷனா?" என்றார். எனக்கும் பற்றிக்கொண்டுதான் வந்தது. ஆனால் சனிக்கிழமை மெக்கானிக் ஊன்றுகோலோடுதான் வந்தார்.

வாத்தியார் படிக்கட்டுக் கதவைத் திறந்து வைக்கச் சொன்னார். கீழே இருந்து டக், டக் என்று ஒவ்வொரு படியாக ஏறும் சத்தம் வகுப்பு முழுக்கக் கேட்டது. நடுவில் மூச்சு வாங்க நின்றபோது உள்ளே ஒரு நாற்காலிகூட அசையவில்லை. அவர் வாய் திறக்கும் முன்பே பாதிப் பேர் கர்சீஃப்பை எடுத்துவிட்டார்கள். வாத்தியார் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

அதன்பிறகு எங்கள் வகுப்புக்குப் பேர் வந்துவிட்டது. எங்கே நிறுத்தினால் விம்முவார்கள், எங்கே குரலை இறக்கினால் மூக்கை உறிஞ்சுவார்கள் என்று மெக்கானிக்குக்கும் அத்துப்படி ஆனது. மூன்றாம் முறையாக வந்த ஒரு டெம்போ டிரைவர், இவர் சொல்லச் சொல்லக் கூடவே வாயசைத்ததையும் பார்த்தேன். அழ வேண்டிய இடத்துக்கு ஒரு வரி முன்பாகவே அழுதுவிட்டார், பாவம்.

அழுகிறவர்களில் யாராவது ஒருவர் வாராவாரம் மெக்கானிக்கை வீட்டில் கொண்டுவிடுவதும் வழக்கமாகிவிட்டது. "அண்ணே, நீங்க பஸ்ல போறதா? என் வண்டியில ஏறுங்க" என்று கையைப் பிடித்து இழுக்காத குறை. பின் சீட்டில் காலை நீட்டி உட்காரவைப்பார்கள். இடைஞ்சல் செய்கிற அந்த நீளமான ஊன்றுகோல்கள் டிக்கிக்குள் போகும். எங்கள் பாடம் பலிக்கிறதா இல்லையா என்று வாத்தியாருக்குத் தெரியாது, அரசாங்கத்துக்குத் தெரியாது. பின் சீட்டில் இருந்த மெக்கானிக்குக்கு மட்டும் தெரியும்.

முதல் தெருவில் ஊர்வலம் போவதைப்போல் போவார்களாம். பெல்ட் போட்டு, இண்டிகேட்டர் போட்டு, நடந்து போகிறவருக்கெல்லாம் கும்பிடாத குறையாக வழிவிட்டு. பெட்ரோல் பங்க் தாண்டியதும் ஒரு ஹாரன். பாலம் வந்ததும் கால் தானாக அழுந்தும். பாலத்தில் ஏறி இறங்கும்போது ஃபோனும் காதுக்குப் போய்விடும், பின்னால் பாடம் உட்கார்ந்திருப்பதே மறந்துவிடும்.

"இந்த வாரம் பங்க் வரைக்கும்தான் தாங்குச்சுக்கா" என்பார் என்னிடம். இன்னொரு வாரம், "பரவாயில்லைக்கா, பாலம் வரைக்கும் தாங்குச்சு." சிரித்துக்கொண்டேதான் சொல்வார். அந்தச் சிரிப்பு வாரத்துக்கு வாரம் மெலிந்துகொண்டு வந்தது. பாலத்தைத் தாண்டியும் தாங்குகிற ஒரே ஒரு ஆளுக்காக அவர் காத்திருந்தார்.

அந்த ஆளும் வந்தார். பல் டாக்டர். வேகமாக ஓட்டி ஓட்டிப் பிடிபட்டவர். எத்தனையோ பேரை அலறவைத்த மனிதர் எங்கள் வகுப்பில் சின்னப் பிள்ளையாய்த் தேம்பினார். மெக்கானிக்கைத் தாங்கிப் பிடித்துப் படியிறக்கியதும் அவர்தான், காரில் ஏற்றியதும் அவர்தான், ஊன்றுகோலை டிக்கியில் பத்திரமாக வைத்ததும் அவர்தான்.

பங்க் வந்தது, ஹாரன் அடிக்கவில்லை. பாலம் வந்தது, வேகம் கூடவில்லை. பாலத்தை இறங்கியும் அதே நிதானம். "உள்ளுக்குள்ள எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமாக்கா? வீட்டுக்குப் போனதும் அவகிட்ட சொல்லணும், ஒருத்தர் கிடைச்சிட்டாருன்னு" என்று பிற்பாடு சொன்னார். பின் சீட்டில் இருந்தபடியே முன்னால் சாய்ந்தார். "டாக்டர், நீங்க மாறிட்டீங்க" என்றார்.

பல் டாக்டர் நெகிழ்ந்துபோனார். கண் நிறைய நீரோடு, ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே முழுசாகப் பின்பக்கம் திரும்பினார். "அண்ணே, உங்க மேல சத்தியமா..." என்று ஆரம்பித்தார்.

கார் ஓரம் போய்விட்டது. ஓரத்தில் ஒரு லாரி நின்றுகொண்டிருந்தது. லாரிக்கும் காருக்கும் நடுவே சைக்கிளில் ஒரு பெண். குழந்தைகளுக்கு நீச்சல் சொல்லித் தருகிறவள்.

பல் டாக்டர் இறங்கித் தலையில் கைவைத்துக்கொண்டு நின்றார். நின்றவர் நின்றவர்தான். மெக்கானிக் பக்கத்துக் கண்ணாடிக்கு நேர் கீழே அந்தப் பெண் கிடந்தாள், இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அவர் பக்கத்துக் கதவு லாரியில் இடித்து நசுங்கியிருந்தது. மறு கதவு வழியாக இறங்கிச் சுற்றி வர ஊன்றுகோல் வேண்டும். ஊன்றுகோல் டிக்கியில். கால் வீட்டில், கட்டிலுக்கு அடியில். "டிக்கியைத் திற! யோவ், டிக்கியைத் திறய்யா!" என்று தொண்டை கிழியக் கத்தினார். ஆம்புலன்ஸ் வந்து அவளைக் கொண்டுபோகும் வரைக்கும் யாரும் திறக்கவில்லை.

அவளுக்கு இரண்டு கால்களும் போயின. நீதிமன்றம் பல் டாக்டருக்கு மற்ற தண்டனையோடு இன்னொன்றும் சேர்த்துக் கொடுத்தது. எங்கள் வகுப்பில் இன்னொரு சனிக்கிழமை. அவருடைய இரண்டாவது சான்றிதழையும் நான்தான் அடித்தேன்.

மெக்கானிக் சில மாதம் தலைகாட்டவில்லை. திரும்பி வந்தபோது காலை மாட்டிக்கொண்டு வந்தார். வாத்தியார் அதைத் தப்பு சொல்லவில்லை, சொல்ல அவசியமும் இல்லை. அவர் ஏற்கெனவே ஆஸ்பத்திரிக்குப் போய், வேறொரு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, "ஒருத்தன் திருந்தினாக்கூடப் போதும்மா" என்று பேசிவிட்டு வந்திருந்தார்.

"உன் கதை பழசாயிடுச்சுப்பா" என்றார் மெக்கானிக்கிடம். "அந்தப் பொண்ணுக்கு ரெண்டு காலும் இல்ல, சின்ன வயசு வேற. நீ நாற்காலி எடுத்துப் போடு. இனிமே தாராளமா காலை மாட்டிக்கிட்டு வரலாம்." வாத்தியாரைப் போன்ற தயாள குணம் யாருக்கு வரும்!

வேறு யாராக இருந்தாலும் போய்யா என்று இறங்கிப் போயிருப்பார்கள். மெக்கானிக் நின்றார். "அந்தப் பொண்ணுகிட்ட ஒண்ணே ஒண்ணு சொல்லணும்கா. நான் ஏன் இறங்கலன்னு அவளுக்குத் தெரியணும். தெரிஞ்சிட்டா நான் பேசாம போயிடுவேன்" என்றார். ஆனால் அவளைப் பார்க்கிற நேரமெல்லாம் ஏதாவது ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு நகர்ந்துவிடுவார்.

அவள் கதையை வாத்தியார் கொஞ்சம் செதுக்கியிருந்தார். இடித்தவர் எங்கள் வகுப்பில் இருந்து போனவர் என்று சொன்னால் யாருக்கு அசிங்கம்? அதனால் டிரைவர் ஃபோன் பேசிக்கொண்டு வந்ததாக ஆனது. மீதியெல்லாம் அவளுடையது. சக்கர நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, கண்ணில் பொட்டு நீர் இல்லாமல் சொல்வாள்.

"பின் சீட்ல ஒரு ஆளு இருந்தான். என்னையே பார்த்துக்கிட்டு இருந்தான். இறங்கல. ஒரு கை கொடுக்கல. நான் ரத்தத்துல கிடக்கிறேன், அவன் டிக்கியைத் திற, டிக்கியைத் திறன்னு கத்துறான். அவனுக்கு அவன் சாமான் முக்கியம்."

வகுப்பே ச்சீ என்று சொல்லும். அப்படி என்ன தங்கமா வச்சிருந்தான் என்று யாராவது பல்லைக் கடிப்பார்கள். அந்த 'அவன்' கடைசி வரிசைக்குப் பின்னால், மிஞ்சிய நாற்காலிகளை அடுக்கிக்கொண்டு நிற்பார். எனக்கு எழுந்து போய்க் கத்த வேண்டும்போல் இருக்கும்.

போன சனிக்கிழமை நானே அவரைத் தள்ளிக்கொண்டு போய் அவள் முன்னால் நிறுத்தினேன்.

"தங்கச்சி, அந்தப் பின் சீட்டு ஆளு..." என்று இழுத்தார்.

"நீங்கதானே அண்ணே. தெரியும்."

"என் ஸ்டிக் டிக்கியில இருந்துச்சும்மா. காலை மாட்டாம வந்திருந்தேன். இறங்கி உன்கிட்ட வரணும்னுதான்..."

"அதுவும் தெரியும். பல் டாக்டர் ஆஸ்பத்திரியிலயே சொல்லி அழுதாரு."

மெக்கானிக் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். "அப்புறம் ஏம்மா சாமான்னு சொல்றே?"

அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "முதல் தடவை உள்ளதை உள்ளபடி ஸ்டிக்குன்னுதான் சொன்னேன், நீங்க வராத வாரம். ஒருத்தரும் அசையல. ஐயோ பாவம் அந்த மனுஷனும்னு உச்சுக்கொட்டிட்டு டீ குடிக்கப் போயிட்டாங்க. ஸ்டிக்கை எடுத்துட்டு சாமான்னு சொன்னதும்தான் அழ ஆரம்பிச்சாங்க. நீங்களே சொல்லுங்கண்ணே, அந்த இடத்தை எடுத்துட்டா என் கதையில என்ன இருக்கு? ஒருத்தராவது திருந்தணும்ல?"

மெக்கானிக் நம்பிய அதே பேச்சு. தலையை ஆட்டினார்.

அன்றைக்கு முன்வரிசையில் அதிகமாக அழுதவர் ஒரு கல்லூரிப் பேராசிரியை. "நீ வா கண்ணு, என் கார்ல கொண்டு விடுறேன்" என்று அவளை விடவில்லை. கீழே டயர் கடை வாசலில் அவளைத் தூக்கிப் பின் சீட்டில் உட்காரவைத்தார்கள். சக்கர நாற்காலியை மடக்கி டிக்கியில் ஏற்றும்போது மெக்கானிக் செயற்கைக் காலை இழுத்துக்கொண்டு ஓடினார். ஓட வராத காலில் ஓடினார்.

"அம்மா, அதை டிக்கியில போடாதீங்க. பக்கத்துலயே வைங்க, கைக்கு எட்டுற மாதிரி வைங்க."

பேராசிரியை கர்சீஃப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டே அவரை மேலும் கீழும் பார்த்தார். "மனுஷி உள்ள உட்கார்ந்திருக்கா, உமக்குச் சாமானைப் பத்திக் கவலையா? இவ்வளவு நேரம் அவ சொன்னதைக் கேட்டுக்கிட்டுத்தானே இருந்தீர்?"

டிக்கியை அடித்துச் சாத்தினார். நான் மாடி ஜன்னலில் நின்று பார்த்தேன். பின் சீட்டில் அவள் திரும்பி டிக்கியைப் பார்த்தாள், பிறகு மெக்கானிக்கைப் பார்த்தாள். பேராசிரியை பெல்ட் போட்டார், இண்டிகேட்டர் போட்டார். கார் மெதுவாகப் பாலத்துப் பக்கம் திரும்பியது.